சலுகை என்று எழுதப்பட்ட உரிமை: ஓஜிப்வே மக்களின் இளவேனில் மீன்பிடிப்பு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மில் லாக்ஸ் என்றொரு நன்னீர் ஏரி உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,32,000 ஏக்கர். குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடக்கும் அந்த ஏரியின் பனிக்கட்டி, பெரும்பாலும் ஏப்ரல் மாத இறுதியில் உடைந்து கரைகிறது. பனி விலகிய சில நாட்களுக்குள் ஓஜிப்வே தொல்குடி மக்கள் ஈட்டியும் செவுள்வலையும் கொண்டு வால்ஐ என்னும் மீனைப் பிடிக்கிறார்கள். அந்த நாட்களில் மாநிலத்தின் மற்றக் குடிமக்கள் அதே மீனைப் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவர்களுக்கான தூண்டில் பருவம் மே மாத நடுவில்தான் தொடங்குகிறது.

இந்தச் சில வார வேறுபாட்டை முன்வைத்து, மினசோட்டாவிலும் அதன் அண்டை மாநிலமான விஸ்கான்சினிலும் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன, கற்கள் வீசப்பட்டன, இனவெறி முழக்கங்கள் எழுந்தன. 'இயற்கையைக் காக்கிறோம்', 'அனைவருக்கும் சம உரிமை கேட்கிறோம்' என்பவையே எதிர்ப்பாளர்களின் வாதங்களாக இருந்தன. இட ஒதுக்கீட்டுக்கு எதிரான பேச்சுகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சொற்கள் புதியவை அல்ல. அந்த வாதங்களை ஓஜிப்வே மக்கள் நீதிமன்றத்திலும் ஏரிக்கரையிலும் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் இளவேனிலில் ஏரிக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பனி உடையும் நாட்கள்

பனிக்கட்டி எல்லா நீர்நிலைகளிலும் ஒரே நாளில் விலகுவதில்லை. ஓடைகள் முதலில் திறக்கின்றன. அடுத்து ஆழமற்ற சிறு ஏரிகள். மில் லாக்ஸ் போன்ற பேரேரிகள் கடைசியில். ஓடை நீர் ஏரி நீரைவிட விரைவில் வெப்பமடைவதால், ஓடைகள் வந்து கலக்கும் முகத்துவாரங்களிலும் ஆழமற்ற கரையோரங்களிலும் மீன்கள் முதலில் கூடுகின்றன. பைக் என்னும் மீன் பனி விலகியவுடனேயே சதுப்பு நிலப் புற்களிடையே முட்டையிடுகிறது. நீரின் வெப்பநிலை 6 முதல் 10 பாகை செல்சியஸ் அளவை எட்டும்போது வால்ஐ மீன்களின் முறை வருகிறது.

வால்ஐ மீன்கள் இரவில் கரையை ஒட்டிய சரளைக்கல் திட்டுகளுக்கும் ஓடைகளின் கல் படுகைகளுக்கும் வந்து முட்டையிடுகின்றன. அவை கூடு கட்டுவதில்லை, முட்டைகளைக் காப்பதுமில்லை. கற்களின் இடுக்குகளில் விழும் முட்டைகள் இரண்டு மூன்று வாரங்களில் பொரிகின்றன. ஆண் மீன்கள் முன்னதாகவே வந்து நெடுநாள் தங்கியிருக்க, பெண் மீன்கள் முட்டையிட்டதும் ஆழத்திற்குத் திரும்பிவிடுகின்றன. ஆகவே கரையோரத்தில் எந்த இரவிலும் ஆண் மீன்களே மிகுந்திருக்கும்.

இந்த மீனின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி வீசும் ஒரு படலம் உண்டு. விளக்கு வெளிச்சம் பட்டால் நீருக்குள் அதன் கண்கள் ஒளிர்கின்றன. ஓஜிப்வே மக்களின் முறை இதைக்கொண்டே அமைந்தது. முற்காலத்தில் தோணியின் முனையில் தீப்பந்தம் ஏற்றி, ஒளிரும் கண்களை நோக்கி ஈட்டியைச் செலுத்தினார்கள். விஸ்கான்சினில் அவர்கள் வாழும் ஓரிடத்திற்குப் பிரெஞ்சு வணிகர்கள் லாக் டு ஃப்ளாம்போ, அதாவது தீப்பந்த ஏரி, என்று பெயரிட்டதற்கு இதுவே காரணம். இன்று தீப்பந்தத்தின் இடத்தில் மின்விளக்கும், தோணியின் இடத்தில் இயந்திரப் படகும் உள்ளன.

ஏப்ரல் மாதத்திற்கு ஓஜிப்வே மொழியில் வழங்கும் பெயர் மேப்பிள் மரத்தின் சாற்றைச் சர்க்கரைக்காகக் காய்ச்சும் காலத்தைக் குறிக்கிறது. நீண்ட குளிர்காலத்தில் சேமிப்பு தீர்ந்துபோன குடும்பங்களுக்குக் கரைக்கே வந்து சேரும் மீன்தான் அந்தப் பருவத்தின் உணவு. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவருக்கு மே மாதமும் சூலை மாதமும் ஒன்றுதான். உணவுக்காக மீன் பிடிக்கும் சமூகத்திற்கு இளவேனிலின் இந்த இரண்டு மூன்று வாரங்களே ஆண்டின் அறுவடைக் காலம்.

விற்றது நிலத்தை, மீனை அன்று

1837-ஆம் ஆண்டு சூலை 29 அன்று ஓஜிப்வே தலைவர்கள் அமெரிக்க அரசுடன் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். இன்றைய விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களில் அடங்கிய, 1 கோடியே 30 இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அரசின் கைக்குச் சென்றது. அரசுக்கு வேண்டியிருந்தது அந்நிலத்தின் பைன் மரங்கள். ஓஜிப்வே மக்களுக்கு வேண்டியிருந்தது உயிர்வாழ்வு. ஆகவே ஒப்படைத்த நிலப்பகுதியிலும் அதன் ஆறுகளிலும் ஏரிகளிலும் வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், காட்டரிசி திரட்டவும் தமக்குள்ள வாய்ப்பை உடன்படிக்கையின் 5-ஆம் கூறில் அவர்கள் எழுதி வாங்கினார்கள். 1842-இல் சுப்பீரியர் பேரேரியின் தென்கரை நிலங்களுக்காக எழுதப்பட்ட மற்றோர் உடன்படிக்கையிலும் இத்தகைய காப்பு இடம்பெற்றது.

1837-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஆங்கிலத்தில் பயன்படுத்திய சொல்லைத் தமிழில் 'சலுகை' என்றே பெயர்க்க வேண்டும். குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை அது நீடிக்கும் என்றும் எழுதப்பட்டிருந்தது. ஆண்டவர்களின் மொழியில், ஆண்டவர்களின் எழுத்தரால் எழுதப்பட்ட ஆவணம் அது. பிற்காலத்தில் மாநில அரசுகள் பற்றிக்கொண்டது இந்தச் சொல்லைத்தான்: சலுகைதானே, தந்தவர் திரும்பப் பெறலாம்.

இதற்கு எதிரான சட்டக் கோட்பாடு 1905-இல் வேறொரு தொல்குடியின் வழக்கில் உருவானது. கொலம்பியா ஆற்றில் யாக்கமா மக்களின் மீன்பிடிப்பு பற்றிய வைனன்ஸ் வழக்கில், உடன்படிக்கை என்பது தொல்குடிகளுக்கு அரசு வழங்கிய கொடை அன்று என அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளக்கியது. கொடுத்தவர்கள் தொல்குடிகள். கொடுக்காமல் எவற்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்களோ அவை தொடர்ந்து அவர்களுடையவை. ஐயம் எழுமிடத்தில், கையொப்பமிட்ட தொல்குடியினர் அந்நாளில் எவ்வாறு புரிந்துகொண்டிருப்பார்களோ அவ்வாறே உடன்படிக்கையைப் படிக்க வேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்ற விதி. வீட்டை விற்றவர் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டால், அது வாங்கியவர் தந்த சலுகை ஆகாது. கோட்பாட்டின் சாரம் அவ்வளவுதான்.

கோட்பாடு இருந்தும் நடைமுறை வேறாக இருந்தது. 1850-இல் குடியரசுத் தலைவர் சக்கரி டெய்லர், ஓஜிப்வே மக்கள் ஒப்படைத்த நிலங்களைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்களை மேற்கே இழுப்பதற்காக, ஆண்டுத் தொகை வழங்கும் இடத்தைத் தொலைவிலுள்ள சாண்டி லேக்கிற்கு அதிகாரிகள் மாற்றினார்கள். அந்த ஆண்டின் குளிரில், உரிய காலத்தில் வராத தொகைக்கும் உணவுக்கும் காத்திருந்து, நோயாலும் பசியாலும் அங்கும் திரும்பும் வழியிலும் ஏறத்தாழ 400 பேர் மாண்டார்கள். அதன் பிறகு மாநிலங்கள் உருவாகி, மீன்வளச் சட்டங்கள் இயற்றப்பட்டபோது, தம் ஏரியில் மீன் பிடித்த ஓஜிப்வே மக்கள் திருட்டு மீன் பிடித்தவர்களாகக் கைது செய்யப்பட்டார்கள்.

படகுத்துறையில் இனவெறி

1974-இல் லாக் கூர்ட் ஓரெய் ஓஜிப்வே குழுவைச் சேர்ந்த சகோதரர் இருவர், விஸ்கான்சினில் தம் குடியிருப்பு எல்லைக்கு வெளியே உறைந்த ஏரியில் துளையிட்டு ஈட்டியால் மீன் பிடித்துக் கைதானார்கள். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 1983-இல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாய்ட் தீர்ப்பு என்று அறியப்படும் அது, 1837, 1842 உடன்படிக்கைகளின் உரிமைகள் அழியவில்லை என்று அறிவித்தது. 1985 முதல் ஓஜிப்வே மக்கள் இளவேனில் இரவுகளில் மீண்டும் வெளிப்படையாக ஏரிகளில் இறங்கினார்கள்.

அவர்களுக்கு முன்பே படகுத்துறைகளில் கூட்டம் காத்திருந்தது. 1980-களின் இறுதி ஆண்டுகளில் அந்தக் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. கற்கள் வீசப்பட்டன. ஈட்டி ஏந்தியவர் நின்றிருந்த சிறு படகுகளைக் கவிழ்க்க, விரைவுப் படகுகளால் அலை எழுப்பினார்கள். மீனுக்குப் பதிலாக இந்தியரைக் குத்துங்கள் என்னும் பொருள்பட எழுதிய பதாகைகளைக் குழந்தைகள் நிற்கும் இடத்திலேயே உயர்த்திப் பிடித்தார்கள். இந்த எதிர்ப்பை நடத்திய அமைப்பு ஒன்றின் பெயர் 'அனைவருக்கும் சம உரிமை'. ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரு சமூகத்தைத் தன் ஏரியிலிருந்து விலக்கி வைத்தபோது எழாத சமத்துவக் கேள்வி, அந்தச் சமூகம் திரும்பி வந்த நாளில் எழுந்தது.

1989-இல் மாநில அரசு நீதிமன்றத்தை நாடியது. கலகம் செய்தவர்களைத் தடுப்பதற்காக அன்று. பொது அமைதி கெடுவதால் ஈட்டி மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும் என்று கேட்பதற்காக. தலித் மக்களின் ஊர்வலத்திற்கும் கோயில் நுழைவுக்கும் 'சட்டம் ஒழுங்கு' காரணம் காட்டித் தடை விதிக்கப்படுவதைக் கண்டவர்கள் நாம். இந்தக் கோரிக்கையின் தன்மை நமக்கு விளங்கும். மாவட்ட நீதிபதி பார்பரா கிராப் அதை ஏற்கவில்லை. சட்டப்படி உரிமையைப் பயன்படுத்துபவரை, அதை எதிர்ப்பவரின் வன்முறையைக் காரணம் காட்டித் தடுத்தால், வன்முறைக்குப் பரிசளித்ததாகும் என்பதே அவர் நிலைப்பாடு. 1991-இல் தொல்குடியினருக்கு இடையூறு செய்த எதிர்ப்பாளர்களுக்கு எதிராக அவர் தடையாணை பிறப்பித்த பிறகே படகுத்துறைகள் பெருமளவு அமைதி பெற்றன.

இந்த இடைவெளியில் மாநில அரசு மற்றொரு வழியையும் முயன்றது. மீன்பிடி உரிமையைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு ஈடாக, லாக் டு ஃப்ளாம்போ மக்களுக்குப் பத்து ஆண்டுகளில் 5 கோடி டாலர் அளவிலான பணமும் நலத்திட்டங்களும் தருவதாக முன்வந்தது. வறுமை மிகுந்த அந்தச் சமூகம் 1989-இல் வாக்கெடுப்பு நடத்தி அதை நிராகரித்தது.

'மீன் அழிந்துவிடும்' என்னும் வாதம்

எதிர்ப்பாளர்களின் முதன்மை வாதம், முட்டையிட வரும் மீனைக் கொல்வது ஏரியை அழிக்கும் என்பது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தை ஆராய வேண்டும். ஒரு பெண் மீனை ஏப்ரலில் பிடித்தாலும், அதற்கு முந்தைய சூலையிலோ சனவரியிலோ பிடித்தாலும், அந்த இளவேனிலில் அது இட்டிருக்க வேண்டிய முட்டைகள் ஏரிக்கு இல்லை. ஆகவே எந்த மாதத்தில் பிடிக்கிறோம் என்பதைவிட, மொத்தம் எத்தனை பிடிக்கிறோம் என்பதே ஏரியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

அந்த எண்ணிக்கையை ஓஜிப்வே மக்கள் தாமே கையில் எடுத்தார்கள். 1984-இல் பெரிய ஏரிகள் இந்தியர் மீன், வனவுயிர் ஆணையம் தொடங்கப்பட்டது. இன்று 11 ஓஜிப்வே குழுக்கள் அதன் உறுப்பினர்கள். அவர்களுக்கென மீனியல் வல்லுநர்களும், காவலர்களும், மீன் எண்ணும் பணியாளர்களும் உள்ளனர். விஸ்கான்சினில் ஒவ்வோர் ஏரிக்கும் மீன்தொகை மதிப்பிடப்பட்டு, வளர்ந்த வால்ஐ மீன்களில் 35 விழுக்காட்டுக்கு மேல் ஓராண்டில் பிடிபடும் அபாயம் நாற்பதில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கும்படி அளவு வகுக்கப்படுகிறது. ஈட்டி ஏந்துபவர் அந்த இரவுக்கு, அந்த ஏரிக்கு மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டு பெறுகிறார். படகுத்துறையில் அவர் கொண்டுவரும் மீன்கள் எண்ணப்பட்டு, அளக்கப்படுகின்றன. பெரிய மீன்களில் பெரும்பாலானவை பெண் மீன்கள் என்பதால், 20 அங்குலத்திற்கு மேற்பட்டவை ஒரு சீட்டுக்கு இரண்டுக்கு மேல் கூடாது. ஏரிக்குரிய அளவு நிறைந்ததும் அந்த ஏரி மூடப்படுகிறது. தூண்டிற்காரர் பிடிக்கும் மீன்களுக்கு இத்தகைய முழுமையான கணக்கு இல்லை. மாதிரி ஆய்வின் வழியாகவே அவை மதிப்பிடப்படுகின்றன.

நாடாளுமன்றத்தின் நிதியுதவியுடன் ஒன்றிய, மாநில, தொல்குடி வல்லுநர்கள் இணைந்து நடத்திய ஆய்வின் அறிக்கை 1991-இல் வெளிவந்தது. மீன்தொகை நலமாக உள்ளது, ஈட்டி மீன்பிடிப்பு அதற்குக் கேடு விளைவிக்கவில்லை என்பது அதன் முடிவு. மொத்தப் பிடிப்பில் பெரும்பங்கு தூண்டிற்காரர்களுடையதாக இருந்ததும் அதில் தெளிவானது.

1999 தீர்ப்பு

மினசோட்டாவில் மில் லாக்ஸ் ஓஜிப்வே குழு 1990-இல் வழக்குத் தொடுத்தது. 1993-இல் ஒரு சமரசம் எட்டப்பட்டது. ஏரியின் ஒரு பகுதியோடு நின்றுகொள்ள ஓஜிப்வே மக்கள் இசைந்தார்கள். ஈடாக 86 இலட்சம் டாலரும் 7,500 ஏக்கர் நிலமும் அவர்களுக்குக் கிடைக்கும். இதைக்கூட ஏற்க மனமின்றி மாநிலச் சட்டமன்றம் நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

மாநில அரசு மூன்று வாதங்களை வைத்தது: 1850 ஆணை உரிமையைப் பறித்துவிட்டது, 1855-இல் எழுதப்பட்ட மற்றோர் உடன்படிக்கையில் ஓஜிப்வே மக்கள் எஞ்சிய உரிமைகளையும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள், 1858-இல் மினசோட்டா மாநிலமானபோது பழைய உரிமைகள் தாமே முடிவுற்றன. 1999 மார்ச் 24 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் மூன்றையும் தள்ளியது. நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதிய தீர்ப்பின்படி, மக்களை வெளியேற்ற ஆணையிடும் அதிகாரமே குடியரசுத் தலைவருக்கு இருக்கவில்லை. அந்த ஆணையின் மீன்பிடி பற்றிய பகுதி மட்டும் தனித்து நிற்காது. 1855 உடன்படிக்கையில் மீன்பிடிப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாநிலமாக்கும் சட்டத்திலும் இல்லை. உரிமையை நாடாளுமன்றம் பறிக்கலாம். ஆனால் பறிக்கும் நோக்கத்தை ஐயத்திற்கிடமின்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வாறு, ஆவணத்தில் 'சலுகை' என்றிருந்தது நீதிமன்றத்தில் உரிமையாக நிலைத்தது. மக்கள் அந்தச் சொல்லுக்குக் கொண்டிருந்த பொருளே சட்டத்தின் பொருளாயிற்று.

வெற்றி முழுமையானது என்று நாம் சொல்ல மாட்டோம். விஸ்கான்சின் வழக்கில், ஒரு நூற்றாண்டுக் காலம் உரிமை மறுக்கப்பட்டதற்கு இழப்பீடு கேட்டபோது, மாநிலத்தின் இறையாண்மைக் காப்பைச் சுட்டி நீதிமன்றம் மறுத்தது. பிடிக்கத்தக்க மீன்வளத்தில் தொல்குடியினரின் பங்கும் பாதிக்கு மேல் போகாது என்று வரையறுக்கப்பட்டது.

மீன் குறைந்தபோது

மில் லாக்ஸ் ஏரியில் வால்ஐ மீன்கள் பின்னர் குறையத்தான் செய்தன. 2015 ஆகஸ்டில் மாநில அரசு தூண்டிற்காரர்களின் வால்ஐ பருவத்தைப் பாதியில் மூடியது. பழைய குற்றச்சாட்டு மீண்டும் எழுந்தது. ஆனால் வல்லுநர்கள் சுட்டிய சிக்கல் வேறு: முட்டைகள் பொரிகின்றன, குஞ்சுகள் பிறக்கின்றன, அவற்றில் மிகச் சிலவே வளர்ந்து பெரிதாகின்றன. ஏரி நீர் பல ஆண்டுகளாகத் தெளிந்து வருகிறது; மங்கிய வெளிச்சத்தை விரும்பும் வால்ஐ மீனுக்கு அது உகந்ததன்று. 2005-இல் கண்டறியப்பட்ட வரிச்சிப்பி என்னும் வேற்றிடச் சிப்பி நீரை மேலும் வடிகட்டித் தெளிவாக்கியது. 2009-இல் கண்டறியப்பட்ட முள்வால் கொண்ட சிற்றுயிர் ஒன்று, குஞ்சுகளின் உணவான மிதவையுயிர்களைத் தின்கிறது. வெப்பமடையும் நீர் வேறு மீனினங்களுக்குச் சாதகமாக உள்ளது. பனிக்கட்டி உடையும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு தடுமாறுகிறது. குஞ்சு பொரிவதும் அதற்கான உணவு பெருகுவதும் ஒரே வாரத்தில் அமையாமல் போகின்றன.

தூண்டிலில் சிக்கி, மீண்டும் நீரில் விடப்படும் மீன்களில் ஒரு பகுதி இறந்துவிடுகிறது. கோடை வெப்பத்தில் இது கூடுகிறது. அந்த இறப்பும் மாநிலத்தின் பங்கில்தான் கணக்கிடப்படுகிறது. பனி விலகிய கரையில் ஈட்டியோடு நிற்பவர் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறார். சிப்பியும் வெப்பமும் தெரிவதில்லை. பழி எளிதில் தெரிபவர்மீது விழுகிறது.

நமக்கான பாடங்கள்

ஓஜிப்வே மக்களின் நிலையும் தலித் மக்களின் நிலையும் ஒன்று என்று நாம் வாதிடவில்லை. அவர்களுடைய உரிமை, ஓர் இறையாண்மையுள்ள மக்கள் செய்த உடன்படிக்கையிலிருந்து வருகிறது. நம்முடைய உரிமை, தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17-ஆம் கூறிலிருந்தும் சமத்துவக் கூறுகளிலிருந்தும் வருகிறது. வேர்கள் வேறாயினும், நீதிமன்றத்தில் எழும் கேள்விகள் நெருக்கமானவை.

முதலாவது, மெய்ப்பிக்கும் சுமை. அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் நீர் அருந்தினார். ஆதிக்கச் சாதியினர் தொடுத்த வழக்கு 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிந்தபோது, தீண்டத்தகாதவர்களை விலக்கி வைக்கும் தொன்மையான வழக்கம் இருந்தது என்பதை அவர்களால் மெய்ப்பிக்க முடியவில்லை என்ற காரணத்தாலேயே தோற்றார்கள். 1999-இல் மினசோட்டாவும் அப்படித்தான் தோற்றது. பொது நீர்நிலையில் நமக்கு உரிமை உண்டா என்று கேட்பவரிடம், இல்லை என்பதற்கு உங்களிடம் என்ன ஆவணம் உள்ளது என்று திருப்பிக் கேட்பதே சரியான தொடக்கம்.

இரண்டாவது, கணக்கு. நம் ஊர்களில் ஏரி, கண்மாய்களின் மீன்பாசி குத்தகை ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகிறது. ஏலத்தில் கலந்துகொள்ள முடியாதபடி தலித் மக்கள் மிரட்டப்படுவதும், மீன்பிடித் திருவிழாவில் கடைசியாகவே இறங்க வேண்டும் என்று சொல்லப்படுவதும் பெரும்பாலும் வாய்மொழியாகவே நிகழ்வதால், வழக்கில் நிலைப்பதில்லை. ஏல அறிவிப்பு எப்போது, எங்கே ஒட்டப்பட்டது, யார் யார் கேட்டார்கள், தொகை எவ்வளவு, எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக ஆண்டுதோறும் பெற்றுச் சேர்த்து வைக்க வேண்டும். மீனை ஒவ்வொன்றாக எண்ணியதால்தான் ஓஜிப்வே மக்களால் பொய்யை எதிர்கொள்ள முடிந்தது.

மூன்றாவது, காவல். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டபோது, பொதுச் சொத்து வளங்களையும் ஆறு, ஓடை, ஊற்று, குளம் முதலிய நீர்நிலைகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது 3(1)(இசட்ஏ) பிரிவின்படி குற்றமாக்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனம் சார்ந்து வாழும் சமூகங்களுக்கு நீர்நிலைகளின் மீன் மீதான உரிமையைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. ஆகவே அமைதிக் குழுக் கூட்டத்தில் வட்டாட்சியர், 'இந்த ஆண்டு விட்டுக்கொடுங்கள்' என்று கேட்கும்போது, நாம் கோர வேண்டியது அடுத்த ஆண்டுக்கான வாக்குறுதியை அன்று. தடுப்பவர்மீது முதல் தகவல் அறிக்கையும், ஏல நாளன்று காவல் பாதுகாப்பும் எழுத்து மூலம் கோரப்பட வேண்டும்.

விஸ்கான்சின் மாநிலம் இன்னொன்றையும் செய்தது. கலவரங்களுக்குப் பின், தன் எல்லைக்குள் வாழும் தொல்குடிகளின் வரலாற்றையும் உடன்படிக்கை உரிமைகளையும் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கற்களை வீசியவர்களில் பலர் 1837 உடன்படிக்கையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே இல்லை என்பதை அரசு உணர்ந்தது. நம் பள்ளிப் பாடநூல்களிலும் மகாத், குளத்து நீரைப் பருகிய ஒரு நாளின் நிகழ்ச்சியாக நின்றுவிடாமல், 1937 தீர்ப்பு வரையிலான பத்தாண்டு வழக்காகவும் இடம்பெற வேண்டும். எந்த வழக்கம் உண்மையில் வழக்கமே அன்று என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள அது ஒன்றே போதுமானது.